தள்ளாடும் பூனையும் தாண்ட முடியாத விளிம்பும்

பூனை மணல் தட்டுக்குப் போய்வருவது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்குள் அது செய்வதைப் பிரித்துப் பார்த்தால் நமக்கே தலை சுற்றும். தட்டு இருக்கும் மூலைவரை நடக்க வேண்டும். காலைத் தூக்கி விளிம்பைத் தாண்டி உள்ளே வைக்க வேண்டும். குனிந்து மோந்து, முன்னங்காலால் குழி பறித்து, திரும்பி, பின்னங்கால்களை மடக்கிக் குந்தி, போய் முடிக்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். பிறகு எழுந்து மண்ணை இழுத்து மூடிவிட்டு, அதே விளிம்பைத் தாண்டி வெளியே வர வேண்டும். நல்ல பூனை இதையெல்லாம் யோசிக்காமல் செய்கிறது. சிறுமூளை சரியாக வளராத பூனைக்கு ஒவ்வொரு படியும் தனித்தனி சோதனை.

"தட்டு வச்சும் வெளியிலதான் போகுது, திமிரு" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உடல் ஊனமுள்ள பூனையைப் பொறுத்தவரை இந்தத் தீர்ப்பு ஏறக்குறைய எப்போதும் தவறு. இந்த வரிசையில் எந்தப் படியில் அது தடுக்கி விழுகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

தெருப்பூனைக் குட்டிகளை எடுத்து வளர்ப்பவர்கள் இந்தத் தள்ளாடும் குட்டியை எப்படியும் ஒருமுறை பார்த்திருப்பார்கள். ஒரே ஈற்றில் பிறந்த நான்கில் மூன்று ஓடியாடும். ஒன்று மட்டும் காலை அகட்டி வைத்து, தலை நடுங்க, சில அடிக்கு ஒருமுறை சரிந்து விழும். வாதம் என்பார் ஒருவர், மாடியிலிருந்து விழுந்திருக்கும் என்பார் இன்னொருவர். பெரும்பாலும் காரணம் பன்லூக்கோபீனியா வைரஸ். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸின் நெருங்கிய சொந்தம். வேகமாகப் பெருகும் செல்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே போய் உட்காரும் குணம் அதற்கு. வளர்ந்த பூனையில் அந்த இடம் குடலும் எலும்பு மஜ்ஜையும். பிறக்கப்போகும் குட்டியிலும், பிறந்து இரண்டு மூன்று வாரமே ஆன குட்டியிலும் அது சிறுமூளை. மூளையின் மற்ற பகுதிகள் பெரும்பாலும் உருவாகிவிட்ட பிறகும் சிறுமூளை மட்டும் மும்முரமாக வளர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் வைரஸ் நுழைந்தால் வளர வேண்டிய செல்கள் அங்கேயே அழிந்துபோகின்றன.

இப்படித் தள்ளாடிய பூனைகளின் சிறுமூளையைப் பற்றி லண்டன் மருத்துவர்கள் 1888லேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இது பரம்பரைக் குறை என்ற எண்ணம் நீண்ட காலம் நீடித்தது. 1966இல்தான் லாரன்ஸ் கில்ஹம், ஜார்ஜ் மார்கோலிஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதன் பின்னால் வைரஸ் இருப்பதைக் காட்டினார்கள்.

எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எங்கே நிறுத்துவது என்று அசைவுகளை அளந்து கொடுப்பது சிறுமூளையின் வேலை. அளவு தவறிய பூனை தரையில் வைக்க வேண்டிய காலைத் தோள் உயரத்துக்குத் தூக்கி 'தொப்' என்று போடுகிறது. சும்மா படுத்திருக்கும்போது நடுக்கமே தெரியாது. கிண்ணத்தையோ மணலையோ நோக்கித் தலையைக் கொண்டுபோன உடனே நடுக்கம் கூடும். நெருங்க நெருங்க இன்னும் கூடும். இந்தக் குறையில் வலி கிடையாது. நாளாக ஆக முற்றுவதும் கிடையாது. ஆயுளும் பொதுவாகக் குறைவதில்லை. இன்னொன்றும் முக்கியம்: சிறுநீர்ப்பை நிறைந்ததை உணர்த்தும் நரம்புகளும் அடக்கிவைக்கும் தசைகளும் இந்தப் பூனைக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. எப்போது போக வேண்டும் என்று அதற்குத் தெரியும். நேரத்துக்குப் போய்ச் சேரத்தான் முடிவதில்லை.

அதனால் திருத்த வேண்டியது தட்டையும் தரையையும்தான். கடையில் விற்கும் தட்டுகள் நான்கு கால்களும் ஒழுங்காக இருக்கும் பூனைக்கானவை. அவற்றிலும் பல, நன்றாக வளர்ந்த பூனை திரும்பக்கூட இடம் போதாதவை. மூக்கிலிருந்து வால் அடிவரை உள்ள நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தள்ளாடும் பூனைக்கு இன்னும் பெரியதாக இருந்தால் நல்லது. குந்தும்போது ஒரு பக்கமாகச் சாயும், சாயும்போது தட்டின் சுவரைத் தேடும். சுவர் நான்கு விரல் உயரம் என்றால் சுவரோடு சேர்ந்து வெளியே விழும். சில பூனைகள் முதுகைச் சுவரில் முட்டுக் கொடுத்துக்கொண்டே முடித்துவிடும். மிகவும் மோசமானவை ஒருக்களித்துப் படுத்தபடி போகும்.

ஆகவே மூன்று பக்கம் உயரமான சுவர், ஒரு பக்கம் தாழ்ந்த வாசல். போர்வை போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி இதற்கு நன்றாக ஒத்துவரும். ஒரு பக்கத்தை ஆக்ஸா பிளேடால் அறுத்து, தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் விட்டுவிட வேண்டும். அறுத்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் பிளந்து அதன்மேல் கவ்வவைத்து ஒட்டினால் வயிற்றில் கீறாது, கால் வழுக்காது. பூனையின் எடை மொத்தமும் ஒரு பக்கம் சாயும்போது பெட்டி நகரக் கூடாது. அதனால் சுவர் மூலையில் அணைத்து, அடியில் ரப்பர் விரிப்பு போட வேண்டும்.

தரை இன்னொரு வில்லங்கம். நம் வீடுகளில் இப்போது எங்கே பார்த்தாலும் பளபளவென்ற டைல்ஸ், இல்லையென்றால் கிரானைட். நல்ல பூனையே ஓடித் திரும்பும்போது சறுக்கும். தள்ளாடும் பூனைக்கு அது பனிக்கட்டி. அது வழக்கமாகப் படுக்கும் இடத்திலிருந்து தட்டுவரை கோணிச்சாக்கோ யோகா விரிப்போ போட்டுப் பாதை அமைத்தால், வழியிலேயே போய்விடும் விபத்துகளில் கணிசமானவை குறையும். மாடி வீடென்றால் மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று தட்டு வைக்க வேண்டும். படியேறிப் போய் அடக்கமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உள்ளே என்ன போடுவது? 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், சாம்பலும் மணலும் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு எண்ணெய் உறிஞ்சும் களிமண் துகளைக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்தது இன்றைய பூனை மணல் வியாபாரம். ஈரம் பட்டதும் கட்டியாகும் பென்டோனைட் வகை 1980களில் வந்தது. பொதுவாகப் பூனைகளுக்குப் பொடியான மணல்தான் பிடிக்கும். ஆனால் ஈரமான இடத்திலேயே விழுந்து எழும் பூனையின் ரோமத்தில் பென்டோனைட் அப்பிக் காய்ந்துவிடும். நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். அப்படிப்பட்ட பூனைக்கு மரத்தூளையோ காகிதத்தையோ அழுத்திச் செய்த உருண்டை மணல் தேவலை. எதுவானாலும் மெல்லிய படலம் போதும்; ஆழமாகக் கொட்டினால் கால் புதையும், கால் புதைந்தால் பூனை சாயும். விழுவது அதிகமென்றால் மணலையே விட்டுவிட்டு, மருந்துக்கடையில் படுக்கை நோயாளிகளுக்கு விற்கும் உறிஞ்சும் விரிப்பைப் பெட்டிக்குள் போடலாம். பறித்து மூட முடியாதது பூனைக்குக் கொஞ்சம் குறைதான். பெரும்பாலானவை பழகிக்கொள்ளும்.

இதுவரை சொன்னது எதுவும் பலிக்காத இன்னொரு வகை இருக்கிறது. வண்டிச் சக்கரத்தில் வால் மாட்டி இழுபட்ட பூனை. வால் முறிந்ததாகத்தான் தெரியும். உண்மையில் வால் எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் நரம்புகள் இழுபட்டு அறுந்திருக்கலாம், சிறுநீரும் மலமும் அந்த நரம்புகளின் கையில்தான் இருக்கின்றன. தள்ளாடும் பூனைக்குத் தெரிந்தும் முடியவில்லை. இதற்குத் தெரியவே இல்லை. இங்கே ஒரு பெரிய ஏமாற்று நடக்கும். போகும் இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக ஒழுகுவதால் 'போய்க்கொண்டுதானே இருக்கிறது' என்று வீட்டார் நினைப்பார்கள். காலியாக முடியாமல் நிரம்பி வழிவதுதான் அது. நிரம்பியபடியே கிடந்தால் பையின் தசை விரிந்து தளர்ந்துவிடும், கிருமித் தொற்றும் வரும். ஒரு நாளில் சில தடவை கையால் மெதுவாக அமுக்கி வெளியேற்ற வேண்டும். பின்னங்கால்களுக்குச் சற்று முன்னே, அடிவயிற்றில் இரண்டு பக்கமும் விரல்களை வைத்தால் நீர் நிறைந்த பை வழுக்கிக்கொண்டு அகப்படும். இதை எழுத்தில் படித்துச் செய்யக் கூடாது. கால்நடை மருத்துவர் பக்கத்தில் நின்று நம் விரலைப் பிடித்துக் காட்ட வேண்டும். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கால்நடைக் கல்லூரி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு பக்கத்திலேயே இருக்கிறது. வால் அடியில் கிள்ளினால் பூனைக்கு உணர்வு இருக்கிறதா என்றும் மருத்துவர் பார்ப்பார். இருந்தால் கட்டுப்பாடு திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. திரும்புவதென்றால் வழக்கமாக முதல் ஒரு மாதத்துக்குள் திரும்பிவிடும்.

சுத்தம் செய்யும் விஷயத்தில்தான் நம் வீடுகள் அறியாமல் கெடுதல் செய்கின்றன. பூனை ஒரு மூலையில் போய்விட்டால் கை முதலில் பினாயில் பாட்டிலுக்குத்தான் போகும். பீனால் வகைச் சேர்மங்களை உடைத்து வெளியேற்றத் தேவையான கல்லீரல் நொதிகளில் முக்கியமான ஒன்று பூனை இனத்தில் செயலிழந்துவிட்டது. அதற்கான மரபணு இருக்கிறது, வேலை செய்வதில்லை. பாராசிட்டமால் பாதி மாத்திரைகூடப் பூனையைக் கொல்லலாம் என்பதற்கும் இந்தக் குறைபாடு ஒரு முக்கியக் காரணம். ஈரத் தரையில் அடிக்கடி விழுந்து எழுந்து உடம்பை நக்கும் தள்ளாடும் பூனைக்கு, தண்ணீரில் ஊற்றியதும் வெள்ளையாகக் கலங்கும் கிருமிநாசினி எதுவும் வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், பன்லூக்கோபீனியா வைரஸ் பினாயிலுக்குப் பெரிதாக அசைந்துகொடுப்பதில்லை. தண்ணீர் கலந்த பிளீச்சுக்குத்தான் சாகும். சிறுநீரை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு அப்புறம் பிளீச் போட வேண்டும், இரண்டும் கலந்தால் கண்ணெரிக்கும் நச்சுவாயு கிளம்பும். பூனையை அடுத்த அறையில் விட்டு, தரை நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும். வாடையை மட்டும் போக்க, நொதி கலந்த திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. வாடை மிச்சமிருந்தால் பூனை அந்த இடத்தையே தட்டாக எடுத்துக்கொள்ளும்.

சிறுமூளைக் குறை முற்றுவதில்லை என்று சொன்னேன். அதனாலேயே, பல மாதமாகப் பெட்டியை ஒழுங்காகப் பயன்படுத்திவந்த தள்ளாடும் பூனை திடீரென்று வெளியே போக ஆரம்பித்தால் பழியைச் சிறுமூளைமேல் போடக் கூடாது. சிறுநீர்த் தொற்றோ கல்லோ மலச்சிக்கலோ இருக்கலாம். வயதான பூனையென்றால் மூட்டுத் தேய்மானம்: 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 90 பூனைகளுக்கு எங்கோ ஒரு மூட்டிலாவது தேய்மானம் இருந்தது. கடுவன் பூனை பெட்டிக்கும் வெளிக்குமாக அலைந்து, குந்திக் குந்தி முக்கி, ஒரு சொட்டும் வராமல் கத்தினால் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். அடைப்பு நீடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பிடிக்கும். ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடும். நடுராத்திரி என்றாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.