முதல் மட்டையும் அதன் நரம்பும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் செங்கலடி–பதுளை வீதியிலுள்ள கரடியனாறு போன்ற ஊர்களில் பட்மின்டன் பழகத் தொடங்கும் ஒருவர், மட்டை வாங்கும்போது வர்ணத்தையும் விலையையும் புகழ்பெற்ற வீரர்களின் பெயர்களையுமே பெரும்பாலும் கவனிக்கிறார். ஆனால் தொடக்க நிலையில் அடியின் தன்மையைச் சட்டகத்தைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை, அதில் கோக்கப்பட்டுள்ள நரம்பும் அதன் இறுக்கமுமே.

உலக பட்மின்டன் சம்மேளனத்தின் விதிகள், மட்டையின் நீளம் 680 மில்லிமீற்றரையும் அகலம் 230 மில்லிமீற்றரையும் தாண்டலாகாது என வரையறுக்கின்றனவேயன்றி, எடையைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. அதனால் எடையை உற்பத்தியாளர்களே ‘யூ’ என்ற குறியால் வகைப்படுத்துகின்றனர்: யொனெக்ஸ் நிறுவனத்தின் அளவில் 3யூ என்பது 85 முதல் 89 கிராம் வரையும், 4யூ என்பது 80 முதல் 84 கிராம் வரையும் ஆகும், எண் கூடும்போது எடை குறையும். மணிக்கட்டும் தோளும் இன்னும் பழகாதவருக்கு 4யூ மட்டையும், தலைப்பக்கம் பாரம் மிகாத சமநிலையும், சற்று வளையும் தண்டும் போதுமானவை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் கெனிச்சி தாகோவை வென்ற இலங்கை வீரர் நிலூக கருணாரத்ன போன்றோரின் கைவேகத்துக்கு ஈடுகொடுக்கும் விறைத்த தண்டு, புதியவரின் கையில் வீண் சுமையே.

நரம்பை இழுத்துக் கட்டும் விசை, அதாவது இழுவிசை, வழக்கமாக இறாத்தலில் அளக்கப்படுகிறது. 20 இறாத்தல் என்பது ஏறத்தாழ 9 கிலோகிராம் பாரத்தின் இழுப்புக்குச் சமம். தளர்ந்த நரம்பு ஷட்டிலின் மோதலில் உள்வாங்கி மீண்டு, அந்த மீட்சியாலேயே அதை எறிவதால், மெதுவாக வீசுபவருக்கும் தூரம் கிடைப்பதோடு, நடுவிலிருந்து சற்று விலகிப் பட்ட அடியும் ஓரளவு தப்பிப் பிழைக்கிறது. இறுகிய நரம்போ துல்லியத்தைத் தந்தாலும், அதற்குரிய வேகத்தை ஆடுபவரே கொடுக்க வேண்டும். ஆகவே தேர்ந்த வீரர்கள் 28 இறாத்தலையும் கடந்து கட்டினாலும், தொடங்குபவருக்கு 18 முதல் 22 வரை பொருத்தமானது. தடிப்பிலும் இதே நியாயம்தான்: 0.65 மில்லிமீற்றர் நரம்பு துள்ளலோடு ஒலித்து விரைவில் அறும். பிஜி65 போன்ற 0.70 மில்லிமீற்றர் நரம்பு நீடித்து உழைக்கும்.

ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று, ஷட்டிலைத் தெரிவதிலும் மட்டக்களப்பாருக்கு ஒரு தனிக் கணக்கை வைக்கிறது. 4.74 முதல் 5.50 கிராம் வரை மட்டுமே எடையுள்ள இறகு ஷட்டில் திறந்த வெளியில் நிலைகொள்ளாது என்பதால் நைலோன் ஷட்டிலே கைகொடுக்கும். வெப்பக் காற்றில் அடர்த்தி குறைந்து ஷட்டில் விரைவாகச் செல்வதால், மெதுவானதைக் குறிக்கும் பச்சைப் பட்டியுள்ளதைத் தெரிவுசெய்தல் நன்று. வெளிக்காற்றில் ஆடுவதற்கென்றே தனி ஷட்டிலோடு கூடிய ‘எயர்பட்மின்டன்’ என்ற ஆட்டவகையைச் சம்மேளனம் 2019 இல் அறிமுகப்படுத்தியதும் இத்தகைய சூழலைக் கருதியே.

வெப்பம் நைலோன் நரம்பையும் தளர்த்துமாதலால், வெயிலில் நிற்கும் வாகனத்திலோ தகரக் கூரையின் கீழோ மட்டையை வைத்தல் தகாது. ஒரு நரம்பு அறுந்துவிட்டால் எஞ்சியவற்றின் சமனற்ற இழுப்பு சட்டகத்தை நெளித்துவிடக்கூடும் என்பதால், மறுநாள்வரை காத்திராமல், நடுவிலிருந்து வெளிப்புறமாக மீதி நரம்புகளையும் வெட்டிவிட்ட பின்பே மட்டையை நரம்பு கட்டுபவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.