வேடியப்பன் கல்லும் திறக்காத சிஆர்3 கோப்பும்

போன தை மாதம் செங்கத்திலிருந்து ஜவ்வாது மலை அடிவாரத்துப் பக்கம் ஒரு நடுகல்லைப் பார்க்கப் போயிருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். புளியமரத்தடியில் இடுப்பளவுக் கல். வில்லோடு ஒரு வீரன், தலைக்கு மேலே நாலு வரி வட்டெழுத்து. இந்தப் பக்கத்தில் நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுவது வழக்கம், இதுவும் அப்படித்தான். மச்சானின் புதுக் கேமராவைக் கடன் வாங்கி, 'ரா மட்டும்' என்று வைத்து 140 படம் எடுத்தேன். ஜேபெக் ஒன்றுகூட இல்லை. கார்டை ஹார்ட் டிஸ்கில் காப்பி பண்ணிவிட்டு, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்.

பங்குனியில் மறுபடி போனால் கல் முழுக்க நீல எனாமல் பெயிண்ட். அவர்கள் கும்பிடுகிற கல், அவர்கள் அடிக்கிறார்கள். அதில் நான் சொல்ல எதுவுமில்லை. ஆனால் எழுத்துப் பள்ளமெல்லாம் பெயிண்டால் நிரம்பிவிட்டது. சரி, நம்மிடம்தான் படம் இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்து திறந்தேன். 140ம் திறக்கவில்லை.

கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கெடவில்லை. என் பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 7, அதில் லைட்ரூம் 6. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் நமக்கே என்ற முறையில் வந்த கடைசி லைட்ரூம் அதுதான். 2015ல் வந்தது, 2017 டிசம்பரோடு அதற்கான புதுப்பிப்புகள் நின்றன. கேனானின் சிஆர்3 வடிவம் வந்ததே 2018ல். தனக்குப் பிறகு பிறந்த வடிவத்தை அது எப்படிப் படிக்கும்? கேமராவைக் கடன் வாங்கும்போதே இதை யோசித்திருக்க வேண்டியது நான்தான்.

'ரா' என்பது படமே இல்லை. சென்சாரில் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே சிவப்பு, பச்சை, நீலம் என ஒரே ஒரு நிற வடிகட்டிதான் இருக்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது, இன்றைக்கும் பெரும்பாலான கேமராவில் இதுதான். ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த வெளிச்சத்தின் அளவை எண்ணாக எழுதி வைத்தது ரா. மீதி இரண்டு நிறத்தை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள்தான் கணக்குப் போட வேண்டும். அதற்கு எண்கள் எப்படிச் சுருக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன, கறுப்பு எந்த எண்ணில் ஆரம்பிக்கிறது, இந்த சென்சாரின் சிவப்பு நம் கண்ணின் சிவப்புக்கு எப்படி மாறும் என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கேமராவுக்குக் கேமரா இது வேறு.

எனக்கும் வட்டெழுத்துக்கும் உள்ள உறவுதான் இது. கல்லில் இருப்பது தமிழ், எனக்குத் தமிழ் தெரியும், ஆனாலும் எழுத்து வடிவம் தெரியாமல் முதல் வருஷம் ஒரு வரி படிக்க முடியவில்லை.

சிஆர்3ல் எழுத்து கொஞ்சம் அதிகமாகவே மாறிவிட்டது. முந்தைய சிஆர்2 என்பது டிஃப் கோப்பின் உறவுக்காரன். சிஆர்3 எம்பி4 வீடியோவின் உறவுக்காரன். பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய அமைப்பு. அதனால் ஒரு பழைய தந்திரமும் இங்கே பலிக்காது. எக்சிஃப்டூல் மாதிரி கருவியை வைத்து, ரா கோப்புக்குள் இருக்கும் கேமரா பெயரை மட்டும் பழைய மாடலின் பெயராக மாற்றிவிடுவார்கள். வடிவமும் சென்சாரும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மென்பொருள் ஏமாந்து திறந்துவிடும், நிறம் கொஞ்சம் பிசகலாம். பெட்டியே மாறியிருக்கும்போது மேலே ஒட்டிய சீட்டை மாற்றி என்ன பயன்.

கேமராத் திரைக்காக உள்ளே ஒரு ஜேபெக் இருக்குமே, அதைப் பிடுங்கினால் போதாதா என்று மச்சான் கேட்டார். சாதாரணப் படத்துக்குப் போதும். தேய்ந்த கல்லுக்குப் பக்கவாட்டு வெளிச்சம் விட்டு, பள்ளத்தில் விழும் நிழலைப் பிடித்துத்தான் எழுத்தைப் படிக்கிறோம். எழுத்துக்கும் கல்லுக்கும் நிழலில் உள்ள வித்தியாசம் மிகக் கொஞ்சம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். 14 பிட் ராவில் 16,384. இருட்டான பகுதியைத் தூக்கிப் பார்த்தால் ஜேபெக் திட்டுத்திட்டாக உடையும், ராவில் கோடு தெரியும்.

கடைசியில் கைகொடுத்தது டிஎன்ஜி. அடோபி 2004ல் வெளியிட்ட திறந்த வடிவம் அது. சென்சார் எண்களோடு, அவற்றை நிறமாக மாற்றும் அட்டவணையையும் கோப்புக்குள்ளேயே வைத்துவிடும். அந்தக் கேமராவைக் கேள்வியே படாத மென்பொருளும் திறந்துவிடும். டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம்தான், ஆனால் அதன் புதிய பதிப்பு விண்டோஸ் 7ல் ஓடாது! மகளின் கணினியில் போட்டு மாற்றினேன். அமைப்புகளில் 'பொருத்தம்' என்ற இடத்தில் உங்கள் மென்பொருளின் காலத்துக்கு முந்தைய பதிப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். லைட்ரூம் 6க்கு 'கேமரா ரா 7.1' போதும். 'லீனியர்' என்ற விருப்பத்தைத் தொடவேண்டாம். அது நிறக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுவதால், ஒரு புள்ளிக்கு ஒரு எண் என்பது மூன்றாகி, கோப்பு ஊதிவிடும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுற்றும் வேண்டாம். டார்க்டேபிள் 3.8லிருந்து சிஆர்3 நேரடியாகவே திறக்கும். டேவ் காஃபின் என்ற தனிமனிதர் 1997லிருந்து எழுதிவந்த டிசிரா என்ற நிரல்தான் இத்தனை திறந்த மென்பொருளுக்கும் தாத்தா. 2018க்குப் பிறகு அதில் புதிய பதிப்பு இல்லை, லிப்ரா என்ற வாரிசு நடத்துகிறது.

செங்கம் வட்டாரக் கற்களுக்கு இந்த அவஸ்தையெல்லாம் இல்லாத ஒரு பதிவும் உண்டு. கல்லில் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் மைப்படி. இரா. நாகசாமி பதிப்பித்து 1972ல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலில் இந்தப் பக்கத்துக் கற்களின் வாசகங்கள் இருக்கின்றன. எடுத்தனூரில் கோவிவன் என்ற நாய்க்கும் சேர்த்து எழுதிய கல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, இந்த வட்டாரத்துக் கல்தான். மைப்படியைப் பார்க்கக் கண் போதும். ஆனால் எனாமல் நிரம்பிய பள்ளத்தில் இனி மைப்படி எடுத்தாலும் பெயிண்ட்தான் பதியும்.

என் 140 கோப்பும் டிஎன்ஜியாகத் திறந்தன. இடப்பக்க வெளிச்சத்தில் எடுத்த ஏழு படத்தில் மூன்றாம் வரியின் நிழலைத் தூக்கிப் பார்த்தேன். களத்தில் நான் 'வ' என்று நோட்டில் குறித்தது 'ப' மாதிரி இருக்கிறது. வட்டெழுத்தில் இந்த இரண்டும் ஆளைக் குழப்பும். நான் 'வ'வின் சுழி என்று நினைத்தது கல்லில் விழுந்த பொரிவு. வலப்பக்க வெளிச்சத்திலும் அதன் விளிம்பு கூராகவே இருக்கிறது, உளி போன தடம் அப்படி இருக்காது. படிக்கத் தெரிந்த ஒருவரிடம் படங்களைக் கொடுத்திருக்கிறேன். அவர் சொன்ன பிறகு வாசகத்தை எழுதுகிறேன்.

சிஆர்3யை அழிக்கவில்லை. நாளைக்கு வேறு மென்பொருள் அதிலிருந்து இன்னும் நன்றாக எடுக்கலாம். அதோடு டிஎன்ஜி, தேர்ந்த பன்னிரண்டு படத்துக்கு 16 பிட் டிஃப், எல்லாம் இரண்டு டிஸ்கில், ஒன்று மச்சான் வீட்டில். கேமராவையும் 'ரா + ஜேபெக்' என்று மாற்றிவிட்டுத்தான் அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.