சத்து மாத்திரைதானே என்று நினைக்காதீங்க!

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் நாலு பேருக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு ஓயாத கால் வலி. நாமக்கல் போய்க் காட்டினோம். வைட்டமின் 'டி' குறைவு என்று, வாரம் ஒன்றாகச் சாப்பிட 60,000 யூனிட் மாத்திரை எட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர். எட்டாம் நாள் பார்த்தால் அட்டை காலி! "சத்து மாத்திரைதானே கண்ணு, தினம் ஒண்ணு தின்னா வலி சீக்கிரம் போயிடுமேன்னு தின்னேன்" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

மறுபடி மலையிறங்கி ஓடினோம். நல்லவேளை, ரத்தப் பரிசோதனையில் பாதிப்பு எதுவும் இல்லை. 'பி', 'சி' வைட்டமின்கள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடுமாம். 'ஏ', 'டி' போன்றவை உடம்பிலேயே தங்கிவிடும். 'டி' அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று ஆரம்பித்து சிறுநீரகமே கெடலாம் என்று டாக்டர் எச்சரித்தார்.

பிரசவத்துக்கு வந்திருந்த என் நாத்தனார் செய்ததோ நேர் எதிர். நர்ஸம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் அரிசிப் பானைக்குப் பின்னால் அப்படியே கிடந்தன! "கறுப்பா வெளிக்குப் போகுது அண்ணி, பயமாயிருக்கு" என்றாள். நர்ஸம்மாவையே கூட்டி வந்தேன். "அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும், பயப்படாதே. நாலாம் மாசத்திலிருந்து 180 நாள், குழந்தை பிறந்தபின் 180 நாள், தினம் ஒண்ணு கட்டாயம்" என்று விளக்கினார். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போடலாம். காபி, டீயோடு கூடாது. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கொய்யா, நெல்லி, எலுமிச்சை சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

மாத்திரை இருக்கிறதே என்று சாப்பாட்டில் குறை வைக்கலாமா? 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கொல்லிமலையில் விளைகிற கேழ்வரகையும் சாமையையும் விட்டுவிட்டு வெறும் அரிசிச் சோற்றையே தின்றுகொண்டிருந்தோம். இப்போது எங்கள் வீட்டில் காலையில் கேழ்வரகுக் கூழ், வாரம் மூன்று நாள் கீரை.

மருந்துக்கடையை விட்டு இறங்குமுன், "தினம் ஒண்ணா, வாரம் ஒண்ணா?" என்று கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். இரும்புச்சத்து மாத்திரையைக் குழந்தைகள் மிட்டாய் என்று தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. கைக்கு எட்டாமல் வையுங்கள். என் மாமியாரின் அடுத்த அட்டை இப்போது என் பெட்டியில். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே ஒன்று எடுத்துக் கொடுக்கிறேன்!

- ஒரு வாசகி, குண்டனி நாடு, கொல்லிமலை.