கொழுந்துக்கு ஜன்னல், ஆளுக்குச் சுவர்

போனக்காட்டுக்கு வருகிற இளவட்டங்களில் ஒரு கூட்டம் பேய் பங்களாவைத் தேடி வருகிறது. இன்னொரு கூட்டம் அகத்தியர் மலை ஏற வருகிறது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக வளைந்து வளைந்து ஏறிவரும் இவர்கள், பூட்டிக் கிடக்கும் தேயிலை ஆலையை ஒரு படம் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியதே அந்த ஆலையைத்தான்.

தகரம் துருவேறிவிட்டது. கண்ணாடிகள் உடைந்துவிட்டன. ஆனாலும் மாடிக்கு மாடி வரிசையாக ஜன்னல்கள். வெள்ளைக்காரத் துரை அழகுக்காக வைத்ததல்ல இது. கூடையிலிருந்து கொட்டும் பச்சைத் தேயிலைக் கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அரைப்பதற்கு முன் அதை ஓரளவு வாட்டியாக வேண்டும். அந்தக் காலத்து ஆலைகளில் மேல்மாடித் தட்டுகளில் கொழுந்தை மெல்லிசாகப் பரப்பி, ஜன்னலைத் திறந்துவிட்டால், பன்னிரண்டு, பதினெட்டு மணி நேரத்தில் மலைக்காற்றே வேலையை முடித்துவிடும். அடைமழைக் காலத்தில் கீழே உலர்த்தும் அடுப்பின் சூட்டை மேலே ஏற்றுவார்கள். வாடிய கொழுந்தைத் தரையிலுள்ள ஓட்டை வழியாகத் தள்ளினால் நேரே கீழே உருட்டும் இயந்திரத்தில் போய் விழும். தூக்கிச் சுமக்க ஆள் வேண்டாம். காற்று, சூடு, சரிவு மூன்றையும் கூலியில்லாத வேலைக்காரர்களாக்கிய கட்டடம். இயற்கையோடு இயைந்த கட்டடக்கலை என்று இன்று கருத்தரங்கு நடத்துகிறோமே, அது இதுதான்.

அப்படியே திரும்பித் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ், பொதுச்சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட அறைகள். முன்னால் ஒரு வாசல், பின்னால் அடுப்படி. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. காற்றின் திசை தெரியாத ஆட்களா இதைக் கட்டினார்கள்? பக்கத்திலேயே ஆலை நிற்கிறதே! விடிகாலையில் ஆளை எண்ணி மலைக்கு அனுப்ப வரிசை வீடுதான் வசதி. கொழுந்து புழுங்கினால் நஷ்டம். ஆள் புழுங்கினால் கணக்கில் வராது. தோட்டத் தொழிலாளருக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1951-இல் சட்டமே வந்தது. ஆனால், தேயிலை மலைகளில் வரிசை மட்டும் கலையவில்லை. இத்தனைக்கும், இதே மலைத்தொடரில் காணிக்காரப் பழங்குடிகள் ஈத்தையையும் மூங்கிலையும் பின்னி எழுப்பிய குடிசைகளின் சுவரே மூச்சு விடும்.

மலையிறங்கினால் திருவனந்தபுரத்தில் இதற்கு மறுபேச்சு இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து, 2007-இல் இந்த நகரத்திலேயே மறைந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர், ஆலை கொழுந்துக்குச் செய்ததை மனிதருக்குச் செய்தார். 1970-களில் இந்நகரின் உள்ளூர் என்ற பகுதியில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்குப் போய்ப் பாருங்கள். மேட்டை வெட்டிச் சமமாக்காமல், கட்டடமே மேட்டோடு ஏறி இறங்குகிறது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவது அவர் இங்கே பரப்பிய எலிப்பொறிக் கட்டு. சுவருக்குள் வெற்றிடம் விழுவதால் வெயிலின் சூடு சட்டென்று உள்ளே வராது; கல்லிலும் ஏறக்குறைய கால்வாசி மிச்சம். ஜன்னலுக்குச் சட்டமும் கம்பியும் வாங்கக் காசில்லையா? அங்கங்கே ஒரு கல்லை விட்டுவிட்டுக் கட்டு என்றார். அந்த ஓட்டைகள் வழியே காற்று வரும், வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழும்.

போனக்காட்டில் ஒரு லயத்து அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். மூன்று தலைமுறைப் புகை சுவரில் கரியாக ஒட்டியிருந்தது. அடுப்புக்கு மேலே, கைக்கு எட்டும் உயரத்தில், யாரோ ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். ஓட்டையின் விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. வெளியே பெய்துகொண்டிருந்த சாரலின் குளிர் அதன் வழியாக உள்ளே வந்தது.