விறலி போன தூது

நிலக்கோட்டை என்றதும் நம் பெண்மணிகளுக்குப் பூவின் ஞாபகம் வரும். பொழுது நன்றாகப் புலருமுன்பே அங்கே பூச் சந்தை களை கட்டிவிடும். 2013-ம் ஆண்டில் ‘மதுரை மல்லி’க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததல்லவா? அந்தக் கௌரவத்தில் நிலக்கோட்டை வட்டாரத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் இந்த ஊரின் பெயரைத் தமிழ்ப் புலவர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் பூவைப் பற்றிப் பேச மாட்டார். முதலில் ஒரு புன்னகை செய்வார். பக்கத்தில் குழந்தைகள் யாரும் இல்லையே என்று ஒரு முறை பார்த்துக்கொள்வார். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது’ என்பார்.

அப்படி என்ன விபரீதமான புத்தகம் அது? வீட்டை விட்டுக் கிளம்பிய ஒருவன் ஊர் ஊராகச் சுற்றி, கையில் இருந்ததையெல்லாம் தொலைத்து, கடைசியில் மனைவியை நினைத்து உருகுகிற கதை. யாத்திரை உண்டு, ஹாஸ்யம் உண்டு, சிருங்காரம் உண்டு. சிருங்காரம் கொஞ்சம் அல்ல, ரொம்பவே உண்டு!

பாளையக்காரரும் கவிராயரும்

மதுரை நாயக்கர்கள் காலத்தில் நாடு பாளையங்களாகப் பிரிந்து கிடந்தது. அவற்றுள் ஒன்று நிலக்கோட்டை. அதை ஆண்ட கூளப்ப நாயக்கரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து இந்த நூலைப் பாடியவர் சுப்பிரதீபக் கவிராயர். ‘கூளப்ப நாயக்கன் காதல்’ என்று இன்னொரு நூலும் அவர் பாடியிருக்கிறார்.

இந்தக் கவிராயரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு சங்கதியைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இத்தாலியிலிருந்து 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்து, ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவர் இருக்கிறாரே, அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் இவர்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. துறவிக்குப் பாடம் சொன்ன வாத்தியார் எழுதியது, தமிழிலேயே மிகவும் குறும்பான புத்தகங்களில் ஒன்று!

சிஷ்யரும் ஹாஸ்யத்தில் இளைத்தவர் அல்ல. குருவும் ஐந்து சீடர்களும் வழி நடக்கிற ‘பரமார்த்த குரு கதை’யை எழுதியவர் வீரமாமுனிவர்தான். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துச் சோதித்த அந்த மகா புத்திசாலிகளை யார் மறக்க முடியும்? அந்தக் கதை 1822-ல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது. வாத்தியாரின் பயணக் கதையைப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தார்கள். மாணாக்கரின் பயணக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லிச் சிரித்தார்கள்.

கதை இதுதான்

தூது என்பது தமிழில் பழைய சமாசாரம். பிரிந்திருக்கும் காதலி அன்னத்தையோ, கிளியையோ, மேகத்தையோ, தென்றலையோ அனுப்பி, “அவர் மார்பிலிருக்கும் மாலையை வாங்கி வா” என்று சொல்லுவாள். திண்டுக்கல் மலைக்குப் பத்மகிரி என்று ஒரு பெயர் உண்டு. அங்கே கோயில் கொண்ட பெருமான்மீது பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் பாடிய ‘பத்மகிரிநாதர் தென்றல் விடு தூது’ அந்த ரகம்தான்.

விறலிவிடு தூது மட்டும் தனி ரகம். இங்கே தூது அனுப்புகிறவன் ஆண். தூது போகிறவளோ பறவையும் அல்ல, காற்றும் அல்ல. ஆடிப் பாடி ஊர் ஊராய்ப் பிழைக்கிற விறலி என்ற பெண். இந்த வகையில் பல நூல்கள் உண்டு. தெய்வச்சிலையார் பேரில் ஒன்று, மூவரையன் பேரில் ஒன்று, சேதுபதி பேரில் ஒன்று. எல்லாவற்றிலும் கதையின் அச்சு ஏறக்குறைய ஒன்றுதான்.

நல்ல குடும்பத்துப் பிள்ளை ஒருவன். படித்தவன், கல்யாணமானவன். மனைவியோடு ஏதோ மனஸ்தாபம். கோபித்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறான். போகிற வழியெல்லாம் கோயில், குளம், ஊர்ச் சிறப்பு. ஓர் ஊரில் கோயிலில் ஆடும் தாசி ஒருத்தியைப் பார்க்கிறான். அவ்வளவுதான், யாத்திரை அங்கேயே நின்றுவிடுகிறது!

இனிமேல்தான் தாய்க்கிழவியின் பிரவேசம். தமிழ் இலக்கியத்தில் இவளைப் போல ஒரு சாமர்த்தியசாலியைக் காண்பது அரிது. எப்போது சிரிக்க வேண்டும், எப்போது அழ வேண்டும், எந்த நகையை எந்தச் சண்டைக்குப் பிறகு கேட்க வேண்டும் என்று மகளுக்கு அவள் செய்யும் உபதேசம் இந்த நூல்களில் மிகப் பிரசித்தம். நம் கதாநாயகனின் பணப் பை நாளுக்கு நாள் இளைக்கிறது. பை காலியானதும் உபசாரம் வசையாக மாறுகிறது. ஒரு நாள் ஆளையே வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

கந்தலோடு நடக்கிறவனுக்குக் கடைசியில் ஒரு வள்ளல் கைகொடுக்கிறார். நிலக்கோட்டைக் கதையில் அந்த வள்ளல் கூளப்ப நாயக்கர். மறுபடியும் கையில் காசு, உடம்பில் பட்டு. அப்போதுதான் வீட்டு நினைவு வருகிறது. எதிரே வந்த விறலியை உட்கார்த்தி, நடந்தது அத்தனையையும் ஒன்று விடாமல் சொல்லி, “நீ போய் என் மனைவியின் கோபத்தைத் தணித்து வா” என்று அனுப்புகிறான். நூல் அங்கே முடிகிறது.

பேசாத ஒருத்தி

கவனித்தீர்களா? அத்தனை நீண்ட பாட்டிலும் பேசுகிறவன் அவன் ஒருவன்தான். தாசி பேசுவதும், கிழவி பேசுவதும் அவன் வாய் வழியாகவே நம் காதில் விழுகின்றன. தன் அசட்டுத்தனத்தை அவனே சொல்லிச் சிரிக்க வைக்கிறான்; அது அவனிடமுள்ள நல்ல குணம். ஆனால் வீட்டில் இருந்த மனைவி என்ன பதில் சொன்னாள்? அவள் கதவைத் திறந்தாளா? நமக்குத் தெரியவே தெரியாது.

எழுதாமல் விட்டதை நாம் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கலாமே!

“யாரம்மா அது, வாசலிலே?”

“ஆடிப் பாடிப் பிழைக்கிறவள், தாயே. உங்கள் வீட்டுக்காரரிடமிருந்து சேதி கொண்டு வந்திருக்கிறேன்.”

“அவர் கையிலே இப்போது காசு இருக்கிறதா?”

“இருக்கிறது, தாயே. நிலக்கோட்டை மகாராஜா கொடுத்திருக்கிறார்.”

“அப்படியானால் அவளிடமே போகலாமே?”

“அந்த வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள், தாயே.”

“ஓகோ! அந்தக் கதவு சாத்தின பிறகுதான் இந்தக் கதவு ஞாபகத்துக்கு வந்ததாக்கும்!”

விறலி என்ன பதில் சொல்வாள், பாவம்? அவளும் ஒரு பெண்தானே! அத்தனை கூத்தையும் காது கொடுத்துக் கேட்டு, அவனைக் கடிந்து பேசாமல், அவனுக்காக நடையாய் நடந்து வந்தவள். அந்தக் கதையில் அவனுக்குக் கிடைத்த உண்மையான சிநேகிதம் அவளுடையதுதான். வள்ளல் பொருளைக் கொடுத்தார். அவள் காதையும் காலையும் கொடுத்தாள்.

பழைய நாளில்

தமிழில் எப்போதுமே மனைவி வாயடைத்து நின்றாள் என்று எண்ண வேண்டாம். கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே சமாதானம் பேசத் தகுந்தவர்கள் என்று தொல்காப்பியம் 12 பேரைச் சொல்கிறது. தோழி, பாணன், விறலி எல்லாரும் அதில் உண்டு. விருந்தாளிகளும் உண்டு! வீட்டுக்கு நாலு பேர் வந்திருக்கும்போது எந்த இல்லத்தரசி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்? அந்த நுட்பத்தை இலக்கணக்காரர் அறிந்திருக்கிறார்.

அப்படித் தூது வந்தவர்களைத் தோழியோ மனைவியோ வாசலிலேயே மறித்து, நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு ‘வாயில் மறுத்தல்’ என்று பெயர். சங்கப் பாட்டில் அது ஒரு தனித் துறை. அங்கே கோபத்துக்கு இடம் உண்டு. கோபிக்கிறவளுக்குச் சொல் உண்டு.

யாத்திரை போவதுகூட அன்று ஆணுக்கே உரியதாக இருக்கவில்லை. பிரிந்து போன கணவனைத் தேடி வெள்ளிவீதி என்ற பெண் புறப்பட்டு அலைந்ததை ஔவையார் அகநானூற்றில் குறிப்பிடுகிறார். அந்த வெள்ளிவீதியாரும் ஒரு புலவரே. காணாமற் போன அன்பைத் தேடி வழி நடந்த முதல் தமிழ்க் கவிகளுள் ஒருவர் பெண் என்பதை நாம் மறக்கலாகாது.

அந்த வீட்டின் கதை

மனைவிக்கு வாய் இல்லை என்றோம். தாசி வீட்டுக்காரிக்கு மட்டும் இருந்ததா? அவளைப் பேராசைக்காரியாக வரைந்து சிரித்த கவிராயர்கள், அந்தப் பெண் குழந்தையைப் பொட்டுக் கட்டி அங்கே உட்கார வைத்தது யார் என்று கேட்கவில்லை. அதைக் கேட்க இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் அந்தக் கேள்வியை எழுப்பினார். 1936-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ என்ற நாவலை வெளியிட்டார். பணக்கார மைனர்கள் ஏமாறுகிற பழைய கதைதான். விறலிவிடு தூதில் நாம் கண்டதுதான். ஆனால் எழுதியவர் அந்த வாழ்க்கையை உள்ளேயிருந்து பார்த்தவர். தனிப்பட்ட ஒரு கிழவியை அல்ல, அந்த வழக்கத்தையே அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். 1947-ல் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது.

இவ்வளவும் சொன்னதனால் நிலக்கோட்டைப் புத்தகத்தைப் படிக்கவே கூடாது என்று பொருள் அல்ல. அந்தக் காலத்து நகைகள், புடவைகள், ஊர்கள், பேச்சு வழக்கு, பணம் கை மாறிய விதம் எல்லாம் அதில் கொட்டிக் கிடக்கின்றன. ஓர் ஆண் தன் மானம் போன கதையைத் தானே சொல்லிச் சிரிப்பதும் சுலபமாகக் கிடைக்கிற ரஸம் அல்ல. பெரியவர்கள் ஒளித்து வைத்துப் படித்ததை நாம் வெளிச்சத்தில் வைத்துப் படிக்கலாம். ஆனால் படிக்கும்போது அவன் பக்கத்தில் மட்டும் உட்கார வேண்டாம். வாசற்படிக்கு உட்புறம், தாழ்ப்பாளில் கை வைத்து நிற்கிறாளே, அவள் பக்கத்திலும் சற்று நின்று கேளுங்கள்.

கூளப்ப நாயக்கர் அள்ளிக் கொடுத்த பொன்னால் அவன் பட்டு வாங்கலாம், பல்லக்கு வாங்கலாம். நிலக்கோட்டையில் பூவுக்கும் பஞ்சமில்லை. ஆனால் வீட்டில் இருப்பவள் மனமிரங்கித் தரவேண்டிய மாலை எந்தச் சந்தையிலும் விலைக்குக் கிடைப்பதில்லையே!