பூவா, தலையா? நவரசம் ஆடிய அமெரிக்கர்!

சோகமாக இசை அமைத்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள்!

அமெரிக்காவின் ஜான் கேஜுக்கு நேர்ந்த கதி இது. மனதில் உள்ளது கேட்பவர்களுக்குப் போய்ச் சேராவிட்டால், இசை எதற்கு? தக்க காரணம் கிடைக்காவிட்டால் இசை அமைப்பதையே விட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்தார்.

அவரைக் காப்பாற்றியது ஓர் இந்தியப் பெண்!

சம்பளம் வேண்டாம்

அவர் பெயர் கீதா சாராபாய். விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரி. மேல்நாட்டு இசை கற்பதற்காக 1946-ல் ஆமதாபாத்தில் இருந்து நியூயார்க் போனார்.

கேஜ் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். சம்பளம் வாங்கவில்லை. பதிலுக்கு இந்திய இசையைத் தனக்குச் சொல்லித்தரும்படி கேட்டார். குருவே சீடர் ஆனார்!

மனதை அமைதிப்படுத்தி, தெய்வ அருளை ஏற்கும்படி செய்வதே இசையின் நோக்கம் என்று தன் குரு சொன்னதை, கீதா எடுத்துச் சொன்னார். கேஜ் தேடிய காரணம் கிடைத்துவிட்டது.

தமிழரின் மகன்

ஆனந்த குமாரசாமியின் நூல்களையும் கேஜ் படித்தார். இவர் 1877-ல் கொழும்பில் பிறந்தவர். தந்தை இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசாமி. தாய் ஆங்கிலேயப் பெண். "அபிநய தர்ப்பணம்" என்ற நாட்டிய நூலை, 1917-ல் இன்னொருவருடன் சேர்ந்து ஆங்கிலத்தில் தந்தவர்.

நவரசம் கேஜின் மனதைக் கவர்ந்தது. "நாட்டிய சாஸ்திரம்" சொன்னவை எட்டு ரசங்கள். ஒன்பதாவதான சாந்தம் பின்னால் சேர்ந்தது.

பியானோ கம்பிகளுக்கு நடுவே திருகாணி, ரப்பர் துண்டுகளைச் செருகி, புதுமையான ஒலிகளை எழுப்பியவர் கேஜ். அந்தப் பியானோவுக்காக 1946 முதல் 1948 வரை, நவரசங்களை வைத்து இசை அமைத்தார்.

மேடையில் கோபம், அச்சம்

கேஜின் நண்பர் மெர்ஸ் கன்னிங்காம், புகழ்பெற்ற நடனக் கலைஞர். அவர் 1951-ல் "பதினாறு நடனங்கள்" என்ற நிகழ்ச்சியை மேடை ஏற்றினார். இசை கேஜ். ஒவ்வொரு ரசத்துக்கும் ஒரு நடனம். நடுநடுவே இடை நடனங்கள். கோபத்தில் தொடங்கி, சாந்தத்தில் முடிந்தது.

சோகம் முதலில் வருவதா, அச்சம் முதலில் வருவதா? கன்னிங்காம் என்ன செய்தார் தெரியுமா? காசைச் சுண்டிப் பார்த்தார்! அச்சத்தை அடுத்து வந்த இடை நடனத்தின் அசைவுகளையும் இப்படித் தற்செயலாகவே வரிசைப்படுத்தினார்.

இந்தத் "தற்செயல்" முறைதான் பிறகு அவருடைய முத்திரை ஆயிற்று. மேல்நாட்டு நடனத்தில் அது ஒரு புதுப் பாதை. அந்தப் பாதை தொடங்கிய இடம், நம் நாட்டு நவரசம்!

1964-ல் கன்னிங்காமின் குழு இந்தியாவுக்கு வந்து ஆடியது. வரவேற்றவர்கள் யார்? கீதாவின் சாராபாய் குடும்பத்தார்தான்!