பிரசார ஊர்வலத்தை போனில் எடுத்தீங்களா? அந்தப் படம் எப்போது சாட்சியாகும்?

தேர்தல் நேரத்தில் மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். தேவர் சிலை அருகே வேட்பாளரின் வேன், பின்னால் வரிசையாக கார்கள், மேளச் சத்தம். நிற்கிற பாதிப்பேர் கையில் போன். "இன்னைக்கும் ஆபீசுக்கு லேட்" என்ற வரியோடு படம் ஸ்டேட்டஸில் ஏறும். 24 மணி நேரத்தில் காணாமலும் போகும்.

ஆனால், அந்தப் படம் ஒரு புகாருக்கான ஆதாரமாகவும் இருக்கலாம்.

டல்லாஸ் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை

1963 நவம்பர் 22. மறுதேர்தலை மனதில் வைத்து டெக்சாஸ் மாநிலத்தில் சுற்றுப்பயணம் செய்த அமெரிக்க அதிபர் கென்னடி, டல்லாஸ் நகரில் திறந்த காரில் ஊர்வலமாக வந்தார். வேடிக்கை பார்க்க வந்த ஜாப்ருடர் என்ற ஆடைத் தொழிலதிபர், சொந்த மூவி கேமராவில் அதைப் படம்பிடித்தார். மொத்தம் 26 விநாடிகள்தான். கென்னடி சுடப்பட்டது அதில் பதிவாக, விசாரணையின் முக்கிய ஆதாரமே அதுதான் ஆனது.

1991 மே 21. ஸ்ரீபெரும்புதூருக்கு பிரசாரத்துக்கு வந்த ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அங்கே படமெடுத்த ஹரிபாபுவும் இறந்தார். தப்பியது அவரது கேமரா. அதிலிருந்த 10 படங்கள்தான் கொலையாளிகளை அடையாளம் காட்டின.

இப்போ என்ன வசதி?

தேர்தல் ஆணையம் 2018-ல் கொண்டுவந்த 'சி-விஜில்' ஆப். அனுமதியில்லாத பேனர், பணப் பட்டுவாடா, பாதுகாப்பு வாகனங்கள் தவிர 10 வண்டிகளுக்கு மேல் ஒரே தொடராகப் போகும் ஊர்வலம் என எதையும் படமாகவோ, 2 நிமிட வீடியோவாகவோ அனுப்பலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. பறக்கும் படை நேரில் பார்த்து, 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது இலக்கு.

கேலரியில் இருக்கிற படம்?

செல்லாது. ஆப்பைத் திறந்து, நடக்கும் இடத்திலேயே எடுக்க வேண்டும். இடத்தை ஆப்பே பதிவு செய்துகொள்ளும். பழைய படத்தைப் புதுசு என்று சுற்றவிடுவதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால், எடுத்த நேரம், இடம் பற்றிய விவரங்கள் அழிந்துவிடும். அதனால் ஒரிஜினலை போனிலிருந்து அழிக்காதீங்க.

படத்தில் சிக்காதது

2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்த முதல் இரண்டு வாரங்களில் சி-விஜிலுக்கு வந்த புகார்கள் 79,000-க்கும் மேல். அதில் 73 சதவீதம் பேனர், ஹோர்டிங் பற்றியவை. பணம், பரிசு, மது பற்றியவை சுமார் 1,400 மட்டுமே.

மதுரையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் திருமங்கலம். 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் என்றாலே 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பெயர் வாங்கிய ஊர். ஊர்வலம் நடுரோட்டில் போகிறது, யார் வேண்டுமானாலும் படமெடுக்கலாம். கவர் வருவது வீட்டு வாசலுக்கு. அங்கே போனை எடுக்க வேண்டியவர், கவரை வாங்கப்போகிறவர்தான்.